கறுப்புப் பூச்சு

"அந்தக் கறுப்பை மேலயிருந்து எடுத்து அடியில வைங்க," என்றார் றேமண்ட் சேர், வாய் நிறைய மீன் பணிஸோடு. சொல்லிக்கொண்டே எண்ணெய் விரலை ஹம்சிகாவின் கணினித் திரையில் பதித்தார்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. விரலைக் கண்டு பாதி, சொன்னதைக் கேட்டு மீதி.

வெள்ளவத்தையில் மைக்ரோவேவ் சர்க்கிட் வடிவமைக்கும் அந்தச் சின்னக் கந்தோரில் அவள் சேர்ந்து மூன்று மாதம். திரையில் இருந்தது அவள் வரைந்த ரெசிஸ்டர்: வெள்ளைக் கட்டி ஒன்று, அதன் முதுகில் மெல்லிய கறுப்புப் பூச்சு. செய்த கம்பனியின் படத்தில் உள்ளதை இம்மியும் பிசகாமல் வரைந்திருந்தாள். ஆனாலும் மென்பொருள் கணக்குப் போட்டுக் கீறிய கோடு ஒரு பக்கம் போக, உண்மையான சர்க்கிட் போர்ட்டை அளந்து வந்த கோடு இன்னொரு பக்கம் போனது. நாளைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கையெழுத்து வைக்க வேண்டியவள் அவள்தான்.

"சேர், கம்பனிப் படத்தில கறுப்பு மேலதானே இருக்கு?"

"தெரியும். முதல்ல மாத்திப் பாருங்க, பிறகு கதைப்பம்."

பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினாள். ஐந்து நிமிடத்தில் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று அச்சொட்டாகப் படுத்துக்கொண்டன.

"நினைச்சன்," என்று சேர் விரலை நக்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.

சீ, என்ன மனிசன் இவர். விடை பிழைத்தால் படத்தைத் திருத்துவதா? இந்தப் பித்தலாட்டத்துக்கா நாலு வருஷம் கம்பஸில் கண்முழித்துப் படித்தாள்? அவர் மேசையில் ஜெபமாலை வேறு.

பக்கத்தில் அளந்த அந்தப் போர்ட் கிடந்தது. முதன்முதலாக இடுக்கியால் பிடித்து அவளே ஒட்டிய நாலு ரெசிஸ்டரும் அரிசிமணி போல வெள்ளை வெளேரென்று வரிசையாக இருந்தன. இந்த அறையில் பொய் சொல்லாதது இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு தாளில் இரண்டே வரி எழுதினாள். போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போய், இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

"பொய்ப் படத்துக்கு நான் சைன் வைக்க மாட்டன் சேர். வேலையை விடுறன்."

கடிதத்தை அவர் ஆறுதலாக வாசித்தார். அன்றைக்கு முதல் தடவையாக லேஞ்சியை எடுத்து விரல்களைத் துடைத்தார். லாச்சியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் போர்ட்டின்மேல் பிடித்தார்.

"பாருங்க மகள், நாலையும் கறுப்பு அடியில கிடக்கக் குப்புற ஒட்டியிருக்கீங்க."