மிதுனின் முதல் வார்த்தை

தரையில் விட்டதும் மிதுன் தத்தித் தத்தி டாக்டரின் நாற்காலி வரைக்கும் நடந்து போனான்.

"ஒண்ணேகால் வயசுக்கு நடை ஜோரா இருக்கே! பேச்சு வந்திருச்சுங்களா? முதல்ல சொன்னது அம்மாவா, அப்பாவா?" என்று கேட்டார் டாக்டர்.

பிரவீனா தயங்கினாள். "ரெண்டும் இல்லீங்க டாக்டர். எதுக்கெடுத்தாலும் 'சொல்லு'ங்கறான். அந்த ஒரு வார்த்தைதானுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஊட்டுல எந்நேரமும் போன் பேசறது யாருங்க?"

"யாருமில்லீங்க. ஊட்டுல சத்தமே இருக்காதுங்க" என்றான் அருள்குமார்.

"சரி, ஊசி போட்டரலாம். தடுப்பூசி அட்டை எங்கீங்க?"

அருள்குமார் மனைவியைப் பார்க்காமல் குழந்தையிடம் குனிந்தான். "கண்ணு, அட்டைய எடுத்துக் குடுக்கச் சொல்லி உங்கம்மாகிட்டச் சொல்லு."

பிரவீனாவும் குழந்தையிடமே குனிந்தாள். "கண்ணு, காலைலயே அட்டைய அவரு பையிலதான் வெச்சேன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு."

டாக்டரின் சிரிப்பு நின்றது.

"ரெண்டு பேரும் பேசிக்காம எத்தனை மாசமாச்சுங்க?"

நிமிர்ந்து பார்க்க இருவருக்குமே முகமில்லை. மிதுன் அம்மாவைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"சொல்லு" என்றான்.