பலூன் கம்பெனிக்காரி

யோகேஸ்வரி காரின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் பால்பாண்டிக்கு உடம்பு கூசியது. முதலாளி வீட்டுப் பெண்கள் பின்னால்தான் உட்காருவார்கள்.

அவள் அதைக் கவனித்தாள். இறங்கி மாறி உட்காரும் பொறுமை அவளுக்கு இல்லை. கோபத்தில் இருந்தாள்.

எம். புதுப்பட்டியிலிருக்கும் அண்ணனின் பட்டாசு ஆலையை விட்டு கார் வெளியே வந்தது. மதுரை விமான நிலையம் போக வேண்டும். அங்கிருந்து அமெரிக்கா. இனி மகன் வீட்டுக் கீழ்த்தளத்தில், ஒரே ஒரு சன்னல் வைத்த அறையில் அவள் வாசம்.

கேட்டில் நின்றிருந்த அண்ணன் நவநீதகிருஷ்ணன் கையைக்கூட ஆட்டவில்லை.

காலையில்தான் அவரிடம் கேட்டிருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, கணவரும் இல்லை, இங்கேயே தங்கி ஆலையைப் பார்த்துக்கொள்கிறேன், வெடிமருந்து கலக்கும் அறையில் மாற்ற வேண்டியது நிறைய இருக்கிறது என்றாள். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இந்த வெயிலில் உனக்கு எதற்கு இதெல்லாம், போய் மகன் வீட்டில் நிம்மதியாக இரு என்றார்.

வெடிமருந்தைப் பற்றி அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? யூட்டாவில் முப்பது வருஷம் அவள் செய்ததே வெடிதான். கார் மோதினால் விரியும் காற்றுப் பை சும்மா விரியாது. உள்ளே ஒரு சிட்டிகை மருந்து வெடிக்க வேண்டும். கண் இமைப்பதற்குள் வெடித்து, பையை நிரப்பி, ஆளைத் தாங்க வேண்டும். அந்தச் சிட்டிகை எவ்வளவு என்று கணக்குப் போட்டவள் அவள்.

அப்பா சீனிவாசகம் இதைத் தனக்குப் புரிந்த வகையில் ஊருக்குச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் அமெரிக்காவில் பலூன் கம்பெனியில் இருக்கிறாள் என்று. இன்றைக்கும் சிவகாசியில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு மதினி பலூன் யாவாரம் அங்கே எப்படி என்று விசாரித்துவிடுகிறாள்.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது. அவள் பெயரில் பாதியைத்தான் கூட வேலை பார்த்தவர்களால் சொல்ல முடிந்தது. யோகி என்றார்கள். அதனால் யோகா தெரிந்தவள் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் சேர்ந்து ஒரு யோகா விரிப்பைப் பரிசளித்தார்கள். குனிந்து அதைச் சுருட்டுவதற்குள் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அங்கே எதற்கெடுத்தாலும் பாராட்டு உண்டு. கூட்டத்துக்கு வந்தால் பாராட்டு, கூட்டத்தை முடித்தால் பாராட்டு. பிரச்சினை என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. சவால் என்பார்கள். ஆளை வேலையை விட்டு அனுப்பும்போது புதிய வாய்ப்பு என்பார்கள். இத்தனை காலம் கேட்டும் எந்த வார்த்தை நிஜம் என்று அவளால் பிரித்தெடுக்க முடியவில்லை.

அண்ணன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அது நிஜமாக இருக்கும். பரவாயில்லை என்பதுதான் அவருடைய உச்சபட்சப் பாராட்டு. அதையாவது ஒருநாள் சொல்லமாட்டாரா, நீ என்னம்மா செய்கிறாய் என்று ஒரு தடவையாவது கேட்கமாட்டாரா என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தாள். அவர் கேட்டதெல்லாம் அங்கே குளிரா என்பது மட்டும்தான்.

இனிமேல் வருவதில்லை. காரில் ஏறும்போதே அப்படித் தீர்மானித்திருந்தாள்.

விருதுநகர் தாண்டி, காரியாபட்டி போகும் ரோட்டில் ஓர் இடத்தில் பால்பாண்டி வேகத்தைக் குறைத்தார். ஓரத்துக் கருவேலங்காட்டைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

சாமி ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். கோயில் எதுவும் தெரியவில்லை.

சொல்லக்கூடாது என்று உத்தரவு என்றார் அவர். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே ஆரம்பித்தார். போன வருஷம் தீபாவளி சீசன் நேரத்தில் இங்கேதான் லாரி குறுக்கே வந்ததாம். இவர் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளி பக்கத்து இருக்கையில். வண்டியின் முன்பக்கம் அப்பளம். ஆட்களுக்குச் சிராய்ப்புதான்.

“பையி ரெண்டும் விரிஞ்சிருச்சும்மா. மொதலாளி அந்தப் பொகைக்குள்ள உக்காந்துகிட்டு, ‘எந்தங்கச்சி வச்ச வெடிலே பால்பாண்டி’ன்னு அளுதாக. கம்பெனியில அம்புட்டுப் பேர்ட்டயும் சொல்லியாச்சு. ஒங்ககிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டாக. ‘தெரிஞ்சா அவ இங்கனயே நின்னுருவா, மருந்துக்குள்ள எறங்கிருவா, அவளாவது தூரத்துல பத்திரமா இருக்கட்டும்லே’ன்னாக.”

அது எந்த வண்டி என்று மட்டும் யோகேஸ்வரி கேட்டாள். பால்பாண்டி சொன்னார்.

அந்த மாடலில் இருப்பது அவளுடைய கம்பெனியின் பை இல்லை. போட்டிக் கம்பெனிக்காரன் செய்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். வேறு யாரிடமென்றாலும் அந்த நிமிஷமே திருத்தியிருப்பாள்.

சோதனைக்கூடத்தில் அவள் பொம்மைகளைத்தான் உட்கார வைத்து மோத விட்டிருக்கிறாள். பிழைத்து வந்த மனிதர் ஒருவரோடு பேசியதே இல்லை.

ரோட்டோரம் ஒரு டீக்கடை தெரிந்தது. நிறுத்தச் சொன்னாள். இரண்டு டீ வாங்கி, ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினாள். லாரி எந்தப் பக்கம் இடித்தது, சத்தம் எப்படி இருந்தது, முகத்தில் சூடு தெரிந்ததா, அண்ணனுக்குக் காது அடைத்துக்கொண்டதா, அது எத்தனை நாளில் சரியானது.

பால்பாண்டி கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளாலும் காற்றைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

விமானத்துக்கு நேரமாகிறது என்று இருவருமே சொல்லவில்லை.