கழுதைக்கு முதுகு நிமிர்ந்த நாள்

அன்று குளக்கரை யோகா வகுப்பில் இருந்தவர்கள்: சொல்லிக்கொடுக்கும் கொக்கு, பொதி சுமக்கும் கழுதை, புதிதாகச் சேர வந்த வண்டி மாடுகள் இரண்டு. ஆக நால்வர்.

கழுதைக்கு அது நாற்பத்தோராம் நாள். மூன்று காலில் ஆடாமல் நின்றது.

"பாருங்கள், கூனி வந்தவர் நிமிர்ந்துவிட்டார்!" என்றது கொக்கு.

"வலியே இல்லீங்க வாத்தியாரே. நேத்து முதலாளியும் முதுகைத் தட்டிப் பார்த்தார்."

"என்ன சொன்னார்?"

"நாலு மூட்டையை ஆறாக்கிட்டார். பழையபடி கூன் விழ ஏதாவது ஆசனம் இருக்குங்களா?"

கொக்கு யோசித்தது. வண்டி மாடுகள் யோசிக்கவில்லை. நன்றாக நடந்து வந்தவை, நொண்டிக்கொண்டே திரும்பிப் போயின. மூட்டைக்கு நேரமாகிவிட்டதென்று கழுதையும் ஓடியது.

கரையில் மீதி: கொக்கு ஒன்று, அது ஊன்றியிருந்த கால் ஒன்று.