பதில் வரும்வரை

மழை விட்ட வெளிச்சம் ஹம் நகரத்து வேட்டைத் துப்பாக்கிக் கடையின் கண்ணாடியில் சாய்ந்து விழுகிறது. கடையில் வேலை செய்யும் ஆதிரை கணினித் திரையைப் பார்த்தபடி நிற்கிறாள். எதிரே, கடைக்குப் பழக்கமான வேட்டைக்காரர் யூட். அவர் கேட்ட துப்பாக்கி இருவருக்கும் நடுவே மேசையில் கிடக்கிறது. "முந்தி உரிமத்தைக் காட்டினாலே தந்திடுவியள்," என்கிறார். "இப்ப புது நடைமுறை அண்ணை. தெரிஞ்ச ஆளெண்டாலும் உரிமம் குடுத்த அலுவலகத்தைக் கேட்டு, பதில் வந்தாப்பிறகுதான் குடுக்கலாம்." அவர் தலையாட்டுகிறார். கறுப்புச் சட்டையின் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருக்கின்றன. மனைவி சந்திரகாந்தியை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேட்டை நாயை யாருக்கோ கொடுத்துவிட்டாராம். துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் வாங்கிப்போகும் வேட்டைக்காரரை ஆதிரை கண்டதே இல்லை. இவர் அதைத் தொடவே இல்லை. திரையில் பச்சை நிறத்தில் பதில் வந்து நிற்கிறது: தடையில்லை. அவள் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். துப்பாக்கியை எடுத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுகிறாள். "இன்னும் வரேல்லை அண்ணை. இருங்கோ, பிளேன்ரீ ஊத்திறன்." அவர் அவளையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்க்கிறார். பிறகு கதிரையை இழுத்து உட்காருகிறார். "ஊத்து பிள்ளை," என்கிறார். "பதில் ஆறுதலா வரட்டும்."