பக்கிரிக்கு ஒரு கிளாஸ் ஷாம்பெயின்

"பக்கிரிக்கும் ஒரு கிளாஸ் ஊத்துப்பா" என்று மகனிடம் சொன்னார் இராஜாங்கம்.

மங்களாம்பிகை கணவரை நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷமாகப் பண்ணையில் உழைக்கும் பக்கிரிக்கு அந்த வீட்டில் காபிகூடக் கொல்லைப்புறத்தில், தனியாக வைத்த அலுமினிய டம்ளரில்தான். இன்றைக்கு ஹாலுக்குள் கூப்பிட்டு, கண்ணாடிக் கிளாஸில், அதுவும் மகன் பாரிஸிலிருந்து கொண்டுவந்த பாட்டிலிலிருந்து.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

நில உச்சவரம்புச் சட்டம் வந்த வருஷம், வரம்புக்கு மேல் இருந்த நாலு ஏக்கரை இராஜாங்கம் பக்கிரி பேரில் எழுதிவைத்தார். பத்திரத்தில் பேர் அவனுக்கு, களத்தில் நெல் இவருக்கு. "உழுபவனுக்கே நிலம்" என்று அவர் மேடையில் முழங்கிக் கைதட்டல் வாங்கியதும் அதே வருஷம்தான்.

இருபது வருஷம் ஓடிவிட்டது. மகன் செங்குட்டுவன் தஞ்சாவூரில் மாடி வீடு கட்ட அந்த நிலத்தை விற்க வேண்டும். அதற்கு முதலில் பக்கிரி அதைத் திருப்பி எழுதித் தர வேண்டும்.

"உன் பேர்ல இருக்கு, விட்டுடாதேன்னு சங்கத்து ஆளுங்க அவன் காதுல ஓதியிருக்காங்க" என்று காலையிலேயே மகனிடம் சொல்லியிருந்தார். "கொஞ்சம் உள்ள இறங்கட்டும். அப்புறம் பத்திரத்தை நீட்டுவோம். நாளைக்கே பூதலூர் போய் ரிஜிஸ்டர் பண்ணிடலாம்."

செங்குட்டுவனுக்கு இது அசிங்கமாகத்தான் பட்டது. ஆனால் வீடு வேண்டியிருந்தது.

மூடி 'டப்'பென்று தெறித்தது. வாசற்படியில் நின்ற பக்கிரி ஓரடி பின்னால் போனான்.

"என்னங்க சின்னய்யா இது, சோடாவா?"

"ஷாம்பெயின்."

"அட, ஜவுளிக்கடையில அந்தப் பேருல ஒரு பொடவை காட்டினானே" என்றாள் மங்களாம்பிகை. "பிரிச்சுப் பாத்தா நம்ம சந்தனக் கலரு. பேரு வச்சதுக்கு எரநூறு ரூபா கூட."

"அது கலருக்கு வச்ச பேரும்மா. புதுக் கப்பலைத் தண்ணியில எறக்குறப்பவும் இந்தப் பாட்டிலைத்தான் அதுமேல அடிச்சு உடைப்பாங்க."

"நாம சூறைத் தேங்கா உடைக்கிறாப்லயாங்க?"

"அதேதான் பக்கிரி. ஆனா நிஜத்துல இது பிரான்ஸ்ல ஒரு சீமையோட பேரு. அந்த மண்ணுல வெளைஞ்ச திராட்சையில செஞ்சாத்தான் இந்தப் பேரு வைக்கலாம். வேற எடத்துச் சரக்குல இந்தப் பேரை ஒட்டினா கேஸ் போட்டுடுவான்."

"பேரை மாத்தி ஒட்டுனதுக்கேவா கேஸு?" பக்கிரி வியந்துபோனான்.

இராஜாங்கம் இருமினார். "குடி பக்கிரி. கதையை அப்புறம் பேசிக்கலாம்." இன்றைக்கு ஒரு 'டா'கூட இல்லை.

பக்கிரி இரண்டு கையாலும் கிளாஸை வாங்கி, ஒரு வாய் குடித்தான். புளித்துப்போன நீராகாரத்தைக் குடித்தது போல முகம் சுருங்கியது. "நல்லாருக்குங்க" என்று சொல்லி, மேஜையில் வைக்கக் கூசிக் கிளாஸைத் தரையில் வைத்தான்.

இராஜாங்கம் பொறுமை இழந்து பத்திரத்தை நீட்டினார். விஷயத்தைச் சொன்னார். பக்கிரி தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்து பேனாவை வாங்கினான். அவனுக்கு எழுதத் தெரிந்ததே தன் பேர் ஒன்றுதான். அதையும் அந்த நாலு ஏக்கருக்காக இராஜாங்கமே சொல்லிக்கொடுத்தார்.

பேனா காகிதத்துக்கு மேல் நின்றது.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணுங்க."

இராஜாங்கத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. "பாத்தியாடா, நான் சொல்லல?" என்று மகனைப் பார்த்தவர், பக்கிரி பக்கம் திரும்பினார். "எங்க சோத்தையே தின்னுட்டு எங்ககிட்டயே பேரமாடா? கண்ணாடிக் கிளாஸ்ல குடிச்சதும் பங்கு கேக்கத் தோணிடுச்சா? எவ்வளவு வேணும், சொல்லித் தொலை."

பக்கிரி பதறி எழுந்தான். "ஐயோ, பங்கெல்லாம் இல்லீங்க. இதுல போட்டுட்டா என் பேர்ல ஒரு குழி நெலங்கூட இருக்காதுங்களே? ஆபீசு ரிக்கார்டுலயும் இருக்காதுங்களே?"

"ஒரு மண்ணும் இருக்காது."

"அப்பச் சரிங்க."

உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடித்தான். பிறகு மடியிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துச் செங்குட்டுவனிடம் நீட்டினான்.

"சின்னய்யா, இந்த மனுவை மட்டும் எழுதிக் குடுங்க. தொகுப்பு வீட்டுக்கு."

"இத்தனை வருஷம் ஏன் போடல?"

"நாலு தடவை போட்டேங்க. நெலமில்லாதவங்களுக்குத்தான் வீடாம். 'நாலு ஏக்கர் மிராசுதாருக்கு எதுக்குய்யா கவர்மெண்ட் வீடு'ன்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க. அடை மழைன்னா எனக்கும் நாகம்மாளுக்கும் கோயில் மண்டபந்தான். இனிமே குடுத்துடுவாங்கல்ல?"

செங்குட்டுவன் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். மேஜைமேல் அவனுடைய மாடி வீட்டு வரைபடம் விரிந்து கிடந்தது. இராஜாங்கத்தால் மகன் முகத்தையும் பார்க்க முடியவில்லை, பக்கிரி முகத்தையும் பார்க்க முடியவில்லை. தரையில் இருந்த கிளாஸைப் பார்த்தார். அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"'அந்த நெலம் என்னுது இல்ல'ன்னு நீ ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பக்கிரி?"

"சொல்லிருப்பேங்க. 'அப்ப யாருது?'ன்னு கேப்பாங்களே."