எழுந்து போன அக்கா

சொந்தத் தம்பி எதிரே நிற்கும்போது எந்த அக்காவாவது எழுந்து வெளியே போவாளா? இவள் போனாள்.

"இவன் என் கூடப் பிறந்தவன். இந்த விசாரணையில நான் உட்காரக் கூடாது" என்று மைக்கில் சொல்லிவிட்டு, கண்ணாடியை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டாள்.

அவள் நேர்மை ஆணையத்தின் உறுப்பினர். அரசு ஊழியர்கள் மேல் வரும் புகார்களை, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்து விசாரிக்கிற ஆணையம் அது. தம்பி, கட்டட அனுமதி கொடுக்கும் பொறியாளர். மச்சான் கட்டும் கடைக்கு வரிசையை மீறி அனுமதி கொடுத்துவிட்டான் என்று புகார். புகார் கொடுத்தவர், பக்கத்து மேஜையில் இருக்கும் அவனுடைய உதவியாளர். தம்பியின் நாற்காலி காலியானால் அடுத்து அதில் உட்காரப் போகிறவரும் அவர்தான்.

முந்தின நாளே வீட்டில் பெரிய கூத்து.

"பொய்ப் புகார்னு உனக்கே தெரியும். தள்ளுபடின்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. அதுக்கு எதுக்குடி இவ்வளவு பிகு?" என்றாள் அம்மா.

"நான் சொல்லக் கூடாதும்மா."

"அப்ப அந்தப் பதவி எதுக்கு? நாக்கு வழிக்கவா?"

தம்பி தட்டைத் தள்ளி வைத்தான். "அவளை விடும்மா. என் வேலை போனா அவளுக்கு மாலை போடுவாங்க. என் பொண்டாட்டி பிள்ளை தெருவுல நின்னா அவளுக்கு என்ன?"

அக்கா கை கழுவ எழுந்தாள்.

"பாரு, இப்பவே கழுவிட்டா" என்றான் தம்பி.

ஆணையத்தில் மிச்சமிருந்த இரண்டு பேரில் ஒருவர் பழைய நீதிபதி. சிரித்தால் தீர்ப்பு கெட்டுப்போகும் என்று நினைக்கிற ஆசாமி. அவரைப் பார்த்ததும் தம்பி சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டான்.

சாட்சியாக மச்சானைக் கூப்பிட்டார்கள். வந்த வேகத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

"வரிசையை மீறியா? ஐயா, படிக்கட்டு அகலம் பத்தலைன்னு மூணு தடவை என் பிளானைத் திருப்பி அனுப்பினான் இந்தப் படுபாவி! தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தேனே, அந்த முகத்துக்காகவாவது பார்த்தானா? எனக்குப் பின்னாடி எழுதிப் போட்டவனெல்லாம் கடை திறந்து வியாபாரம் பண்றான்!"

கூடமே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. கோப்புகளை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பின்னால் எழுதிப் போட்டு முன்னால் வாங்கியவர்களையும் கூப்பிட்டு விசாரித்தார். மத்தியானத்துக்கு மேல் தீர்ப்பு வந்தது. புகாரில் துளியும் உண்மையில்லை.

சொந்த மச்சானுக்கு வளையாத மனுஷன், தனக்காக அக்கா மட்டும் வளைய வேண்டும் என்று எதிர்பார்த்தான் பாருங்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

வெளியே வந்ததும் அம்மாவுக்கு ஃபோன் போட்டான்.

"தப்பிச்சிட்டேன்மா. உன் மக தயவு இல்லாமலே!"

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னான். கேட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கினான்.

கீழே உதவியாளர் நின்றிருந்தார். அவர் கையோடு கூட்டி வந்திருந்த இரண்டு நிருபர்களும், 'இதுல என்ன சார் செய்தி இருக்கு?' என்று முணுமுணுத்துக்கொண்டே கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யோவ், கோப்பெல்லாம் உன் மேஜையைத் தாண்டித்தானே போகுது? புகார் நிக்காதுன்னு உனக்குத் தெரியாதா? எந்தத் தைரியத்துல கொடுத்த?"

உதவியாளருக்கு இருந்த எரிச்சலில் உண்மை தானாக வெளியே வந்து விழுந்தது.

"உங்க அக்காவை நம்பித்தான் சார் கொடுத்தேன்! அவங்க உட்கார்ந்து தம்பியை விடுவிப்பாங்க, ரெண்டு பேர் மானத்தையும் ஒண்ணா வாங்கிடலாம்னு பார்த்தா... இப்படி எழுந்து போய் உங்களைக் காப்பாத்திட்டாங்களே!"