சிவப்புக் கரைத் தட்டுகள்

"அங்கிள், அந்த அஞ்சு தட்டும் எனக்குத் திரும்ப வேணும். ப்ளீஸ் லா, யாருக்கு வித்தீங்கன்னாவது சொல்லுங்க!"

மலேசியாவின் கிள்ளான் நகரில் பழைய கண்ணாடிச் சாமான் கடை வைத்திருக்கும் தம்புசாமிக்கு இந்தப் பாட்டு புதிதல்ல. கொடுக்கும்போது தொல்லை விட்டது என்று கொடுப்பார்கள். அப்புறம் இன்டர்நெட்டில் விலையைப் பார்த்துவிட்டு வயிற்றெரிச்சலோடு ஓடி வருவார்கள்.

ஆனால் சுங்கை வேயிலிருந்து வந்திருந்த தாமரை விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. தலைகூட வாரவில்லை, காலில் வீட்டுச் செருப்பு.

"எந்தத் தட்டும்மா?"

"பால் மாதிரி வெள்ளைக் கண்ணாடி. உள்பக்கம் செவப்புக் கரை, அதை ஒட்டித் தங்கக் கோடு. போன மாசம் என் வீட்டுக்காரர் கொண்டாந்து குடுத்தாரு."

தம்புசாமிக்கு மறக்குமா அது! பச்சைக் கரை, நீலக் கரை எத்தனையோ வரும். அப்படி ஒரு சிவப்பு அவர் கைக்கு வந்ததே அந்த ஒரு தடவைதான்.

"அது அன்னிக்கே போயிடுச்சும்மா. வாங்குறவங்க பேரு ஊரெல்லாம் நான் கேக்குறதில்ல."

"சிசிடிவி இருக்குல்ல அங்கிள், ஒரு தடவை பாருங்களேன்."

"அது கெட்டு ஆறு மாசமாச்சு" என்றார் தம்புசாமி. அவர் தலைக்கு மேலே கேமராவின் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"என் மகன் ஆஸ்பத்திரியில கெடக்கான் அங்கிள். ஆறு வயசுதான் ஆவுது" என்றவள் அழுதேவிட்டாள்.

தம்புசாமிக்கு மனசு கேட்கவில்லை. தன் தட்டில்தான் சாப்பிடுவேன் என்று பிள்ளை அடம்பிடிக்கிறான் போலிருக்கிறது, பாவம். அலமாரியிலிருந்து பச்சைக் கரை போட்ட தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினார்.

"இதக் கொண்டுபோய்க் குடும்மா. காசெல்லாம் வேணாம்."

"ஐயோ, வேணாம்!" என்று அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

தம்புசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன நான் என்னதாம்மா பண்றது? அதெல்லாம் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கு. ஷோகேஸ்ல பூட்டி வெக்கல, ஆசை ஆசையா தினமும் அதுலதான் சாப்பிடுறாங்க. நீ நிம்மதியா வீட்டுக்குப் போ."

"தினமுமா?"

தாமரை மேசையைச் சுற்றி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வாங்க வரல அங்கிள், உடைக்க வந்தேன்! சொன்னா போலீஸ்ல மாட்டிவிட்டுடுவீங்களோன்னு பயந்துட்டேன். அந்தச் செவப்புல ஈயம் இருக்காம். ரசம், புளிக்கொழம்பு பட்டா கொஞ்சங்கொஞ்சமா சோத்துல எறங்குமாம். எங்ககிட்ட மிச்சம் இருந்த ஒரு தட்டை லேப்ல பார்த்துட்டு நேத்துதான் டாக்டர் சொன்னாரு. என் மகன் ரத்தம் பூரா அதுதான் ஓடுது அங்கிள். இன்னொரு புள்ளைக்கு இப்படி ஆயிட்டா அந்தப் பாவம் என்னை விடுமா?"

தம்புசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றேகால். போனை எடுத்தார். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது. ஒருவழியாக மருமகள் எடுத்தாள்.

"புனிதா, பாப்பா சாப்பிடுற செவப்புக் கரைத் தட்டைப் புடுங்கு!"